எது கிளவுட், எது கிளவுட் இல்லை: மேகக் கணிமைக்கு ஓர் எளிய அறிமுகம்

போனில் எடுத்த படம் "கிளவுடில் இருக்கு" என்கிறோம். அலுவலகத்தில் "சர்வரை எல்லாம் கிளவுடுக்கு மாத்தியாச்சு" என்கிறார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் முதலாவது ஒரு சேமிப்புச் சேவை. இரண்டாவது, ஒரு நிறுவனம் தன் கணினி வேலைகளை நடத்தும் முறையையே மாற்றிக்கொண்ட செய்தி. இதற்கு நடுவில் ஹோஸ்டிங், விர்ச்சுவல் மெஷின், கிரிட், எட்ஜ், சர்வர்லெஸ் என்று வரிசையாகப் பெயர்கள் வந்து குழப்புகின்றன. புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கி, அடிப்படையைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அடிப்படை பிடிபட்டால் பெயர்கள் தாமாகவே அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

கிளவுட் காற்றில் மிதப்பதில்லை. அது பெரிய பெரிய கட்டடங்களில் இருக்கிறது. உள்ளே வரிசையாக ரேக்குகள், ஒவ்வொரு ரேக்கிலும் மானிட்டரும் கீபோர்டும் இல்லாத தட்டையான கணினிகள், அவற்றைக் குளிரவைக்கும் இயந்திரங்கள், கரன்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிகளும் ஜெனரேட்டர்களும். இவைதான் டேட்டா சென்டர்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024இல் உலகிலுள்ள டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தை எடுத்துக்கொண்டன. உலக மின் நுகர்வில் அது ஏறத்தாழ 1.5 சதவீதம். கிளவுட் நிறுவனங்களின் கட்டடங்கள் அதில் ஒரு பெரும் பகுதி.

அப்படியென்றால் கிளவுட் என்பது "வேறொருவருடைய கம்ப்யூட்டர்", அவ்வளவுதானே? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதி சரி. 1990களிலேயே வெப் ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் கணினியில் நம் இணையதளத்தை வைக்க இடம் கொடுத்தன. அதை யாரும் கிளவுட் என்று சொன்னதில்லை. ஆகவே கணினி யாருடையது என்பது மட்டும் வித்தியாசத்தைத் தீர்மானிப்பதில்லை. அதை எப்படி எடுக்கிறோம், எப்படித் திருப்பிக் கொடுக்கிறோம், எதை வைத்துக் காசு கணக்காகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐந்து அடையாளங்கள்

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2011 செப்டம்பரில் மேகக் கணிமைக்கு ஒரு வரையறை வெளியிட்டது. எழுதியவர்கள் பீட்டர் மெல், டிமத்தி கிரான்ஸ். சில பக்கங்களே கொண்ட ஆவணம்தான். ஆனால் இன்றைக்கும் பாடப்புத்தகங்களும் அரசு டெண்டர்களும் அதைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. ஒரு சேவையைக் கிளவுட் என்று சொல்ல ஐந்து அடையாளங்கள் வேண்டும் என்கிறது அது.

முதலாவது சுயசேவை. யாருக்கும் போன் போடாமல், படிவம் நிரப்பிக் காத்திருக்காமல், நமக்கு வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நெட்வொர்க் வழியாக எந்தச் சாதனத்திலிருந்தும் எட்ட முடிய வேண்டும். இது இன்று சொல்லத் தேவையில்லாத அளவுக்குச் சாதாரணம். மூன்றாவது, வளங்கள் பொதுவில் குவிக்கப்பட்டு, பல வாடிக்கையாளர்களுக்கிடையே மாற்றி மாற்றிப் பகிரப்பட வேண்டும். உங்கள் வேலை ஓடும் அதே இயந்திரத்தில் முன்பின் தெரியாத இன்னொருவரின் வேலையும் ஓடிக்கொண்டிருக்கலாம். இருவருக்கும் அது தெரியாது. ஐந்தாவதாகச் சொல்லப்படுவது அளவிடல்: எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், எவ்வளவு டேட்டா என்று மீட்டர் ஓடும்.

நான்காவதை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். சட்டென்று விரிந்து சட்டென்று சுருங்கும் தன்மை. என்னைக் கேட்டால், மற்ற நான்கும் இருப்பதே இதற்காகத்தான்.

தேர்வு முடிவு வெளியிடும் ஓர் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். வருடம் முழுக்க ஈ ஓட்டும். முடிவு வரும் நாளில் காலை பத்து மணிக்கு லட்சக்கணக்கானவர்கள் ஒரே நிமிடத்தில் வந்து நிற்பார்கள். சொந்தமாகச் சர்வர் வாங்குவதென்றால் இரண்டே வழி. அந்த ஒரு நாளுக்கு ஏற்ற மாதிரி நாற்பது சர்வர் வாங்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் சும்மா ஓடவிடலாம். இல்லையென்றால் வழக்கமான கூட்டத்துக்கு இரண்டு சர்வர் மட்டும் வாங்கிவிட்டு, அந்த நாளில் தளம் படுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கிளவுடில் வழி வேறு. "சிபியு பயன்பாடு ஐந்து நிமிடத்துக்கு மேல் 60 சதவீதத்தைத் தாண்டினால் நான்கு சர்வர் சேர், 30க்குக் கீழே போனால் இரண்டை நீக்கு" என்று ஒரு விதி எழுதி வைக்கலாம். இங்கே நாள், நேரம் இரண்டும் முன்கூட்டியே தெரியும் என்பதால் ஒன்பது மணிக்கே நாற்பதையும் எழுப்பிவிடலாம். பத்து மணிக் கூட்டத்தைப் பார்த்த பிறகு எழுப்ப ஆரம்பித்தால், அவை தயாராகும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பாதிப் பேர் பிழைச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். சாயங்காலம் கூட்டம் வடிந்ததும் முப்பத்தெட்டையும் விட்டுவிடலாம். அந்த முப்பத்தெட்டுக்கும் சில மணி நேரக் காசு மட்டும்தான்.

சரி, இது தானாக நடந்துவிடுமா? நடக்காது. ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு பயனர் லாகின் செய்த விவரத்தை உங்கள் புரோகிராம் ஒரு குறிப்பிட்ட சர்வரின் நினைவகத்தில் வைத்திருந்தால், அந்தச் சர்வர் நீங்கியதும் அவர் வெளியே தள்ளப்படுவார். பதிவேற்றிய கோப்பை அதே சர்வரின் டிஸ்கில் வைத்திருந்தால் கோப்பும் போச்சு. நாற்பது சர்வரும் பின்னால் இருக்கும் ஒரே டேட்டாபேஸின் கதவைத் தட்டினால், முன்னால் எத்தனை சர்வர் சேர்த்தும் பயனில்லை. தேர்வு முடிவு ஒருமுறை வெளியானால் மாறப்போவதில்லை. அதை முன்கூட்டியே தயாரான பக்கங்களாகக் கேஷில், அதாவது கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைத்துவிட்டால் டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். விரியும் வசதியைக் கிளவுட் கொடுக்கிறது. விரியக்கூடிய மாதிரி எழுதுவது நம் வேலை.

கணினி ஆற்றலை இப்படிப் பொதுச் சேவையாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1961இல், எம்ஐடி கல்வி நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி, தொலைபேசி ஒரு பொதுச் சேவையாக இருப்பது போலக் கணினியும் ஒருநாள் ஆகலாம் என்றார். ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் டைம் ஷேரிங் முறை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. எண்ணம் அன்றே இருந்தது. மலிவான சர்வர்களும், எல்லா இடத்துக்கும் போகும் வேகமான இணையமும், ஒரு கணினியைப் பலவாகப் பிரிக்கும் மென்பொருளும் ஒன்றுசேர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது

ஒரு கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ளே போய், இரண்டு சிபியு, நான்கு ஜிபி நினைவகம், லினக்ஸ் என்று தேர்ந்தெடுத்து, "உருவாக்கு" என்று அழுத்துகிறீர்கள். ஒரு நிமிடத்துக்குள் புதிய சர்வர் ஒன்று உங்களுக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது இது. நீங்கள் யார், இதைச் செய்ய அனுமதி இருக்கிறதா, உங்கள் கணக்குக்கான உச்ச வரம்பைத் தாண்டுகிறீர்களா என்று முதலில் சரிபார்க்கப்படும். அப்புறம் ஷெட்யூலர் என்ற மென்பொருள், அந்த டேட்டா சென்டரில் எந்த நிஜ சர்வரில் இரண்டு சிபியுவும் நான்கு ஜிபியும் காலியாக இருக்கிறது என்று தேடும். கிடைத்ததும், அந்தச் சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஹைப்பர்வைசர், அதாவது ஒரு கணினியைப் பலவாகப் பிரிக்கும் மென்பொருள், அந்த அளவை உங்களுக்கென ஒதுக்கி, தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும் ஒரு விர்ச்சுவல் மெஷினை உண்டாக்கும். உங்கள் டிஸ்க் பெரும்பாலும் அதே பெட்டிக்குள் இருக்காது. தனியாக இருக்கும் சேமிப்புச் சர்வர்களின் கூட்டத்திலிருந்து நெட்வொர்க் வழியாக இணைக்கப்படும். அதனால்தான் அந்த நிஜ சர்வர் பழுதானாலும், டிஸ்கை இன்னொரு சர்வரோடு இணைத்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. பிறகு ஓர் ஐபி முகவரி, ஃபயர்வால் விதிகள், உங்கள் லாகின் சாவி. எல்லாம் சேர்ந்ததும் லினக்ஸ் பூட் ஆகும். மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

இதில் எந்த இடத்திலும் மனிதக் கை படவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால், ஒரு கணினியைப் பலவாகப் பிரிக்கும் வித்தை மிகப் பழையது. ஐபிஎம் 1972லேயே விஎம்/370 என்ற பெயரில் தன் பெரிய கணினிகளுக்காக அதை வெளியிட்டது. சாதாரண இன்டெல் வகைக் கணினிகளுக்கு 1999இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற திறமூல ஹைப்பர்வைசர் வந்தது. 2007இல் கேவிஎம், லினக்ஸின் ஓர் அங்கமாகவே சேர்ந்தது. இதற்குப் பெயர் விர்ச்சுவலைசேஷன், மெய்நிகராக்கம். கிளவுடோடு அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான்.

உங்கள் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் லினக்ஸ் ஓட்டுகிறீர்கள் என்றால் அது மெய்நிகராக்கம், கிளவுட் இல்லை. ஒரு நிறுவனம் தன் சர்வர் அறையில் ஐந்து சர்வரை நூறு விர்ச்சுவல் மெஷினாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டு, மேலாளர் ஒப்புதல் வாங்கி, மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதுவும் கிளவுட் இல்லை. அதே ஐந்து சர்வரின் மேல் சுயசேவைப் பக்கம், தானியங்கி ஒதுக்கீடு, எந்தத் துறை எவ்வளவு எடுத்தது என்ற கணக்கு எல்லாம் வந்துவிட்டால் அதைப் பிரைவேட் கிளவுட் என்று சொல்லலாம். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் அதற்கான மென்பொருள்தான். கருவி மெய்நிகராக்கம், அதை வைத்து நடத்தும் சேவை முறை கிளவுட்.

2006ஐ ஏன் எல்லோரும் கிளவுடின் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள் என்பதும் இதிலிருந்து புரியும். அந்த மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் இசி2 என்ற சர்வர் சேவையையும் திறந்தது. இசி2வில் அன்று கிடைத்தது ஒரே அளவு: 1.7 ஜிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்குச் சமமான திறன், 1.75 ஜிபி நினைவகம், 160 ஜிபி டிஸ்க். மணிக்கு 10 சென்ட். அந்தக் காலத்துக்கே அது பிரமாதமான கணினி ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் கிடையாது, குறைந்தபட்ச மாதக் கட்டணம் கிடையாது, கிரெடிட் கார்டு போதும். ஒரு மணி நேரம் பயன்படுத்திவிட்டு நிறுத்தினால் கணக்கு 10 சென்டோடு முடிந்தது.

யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள்

கிளவுட் சேவைகளை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் எ சர்வீஸ், அதாவது ஐயாஸ்: வெறும் சர்வர், டிஸ்க், நெட்வொர்க். பிளாட்ஃபார்ம் ஆஸ் எ சர்வீஸ், அதாவது பாஸ்: நீங்கள் புரோகிராமை மட்டும் கொடுத்தால் போதும், அதை ஓட்டும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், 2008 ஏப்ரலில் வந்த கூகுள் ஆப் எஞ்சின் இந்த வகை. சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ், அதாவது சாஸ்: புரோகிராமும் அவர்களுடையதே, நீங்கள் பிரவுசரில் திறந்து பயன்படுத்துகிறீர்கள். ஜிமெயில் சாஸ்தான். 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் இந்த வழியில் முன்னோடி.

இந்தப் பெயர்களைவிட உதவியான ஒரு கேள்வி இருக்கிறது: ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது கெட்டுப்போனால் யார் எழுந்து சரிசெய்ய வேண்டும்? டிஸ்க் எரிந்து போனால் மூன்று வகையிலும் அவர்கள்தான். லினக்ஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், ஐயாஸில் நீங்கள்தான் அப்டேட் செய்ய வேண்டும். மற்ற இரண்டிலும் அவர்கள். உங்கள் புரோகிராமில் பிழை என்றால் ஐயாஸிலும் பாஸிலும் நீங்கள். பாஸ்வேர்டு கசிந்தால்? மூன்றிலும் நீங்கள்தான். யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று அமைப்பதும் எப்போதும் உங்கள் பொறுப்புதான். கிளவுடிலிருந்து தகவல் கசிந்ததாக வரும் செய்திகளில் பல, பூட்டை யாரோ உடைத்ததால் நடந்தவை அல்ல; சேமிப்பிடத்தை உலகமே பார்க்கும்படி வாடிக்கையாளரே திறந்து வைத்ததால் நடந்தவை.

பக்கத்து வீட்டுப் பெயர்கள்

இனி, கிளவுடோடு சேர்த்துப் பேசப்படும் மற்றவற்றைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு விளக்கம் தேவையில்லை.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்களை வைத்து, மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு என்று வாங்குவது. விபிஎஸ் என்றால் அதில் உங்களுக்கென ஒரு விர்ச்சுவல் மெஷின். கோலொகேஷன் என்றால் சர்வர் உங்களுடையது. வைக்க இடமும் கரன்டும் இணைய இணைப்பும் மட்டும் அவர்களுடையது. சிறிய இணையதளத்துக்கு மாதாந்திர ஹோஸ்டிங்கே மலிவாகவும் நிம்மதியாகவும் இருக்கும். கிளவுட் இல்லை என்பது ஒரு குறை அல்ல.

கிளஸ்டர் என்பது பல கணினிகளை ஒரே இடத்தில் வேகமான நெட்வொர்க்கால் கட்டி, ஒரே கணினி போல வேலை வாங்குவது. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் சாதாரண கணினிகளை வைத்துக் கட்டிய பெவுல்ஃப் கிளஸ்டர் புகழ்பெற்றது. சூப்பர் கம்ப்யூட்டர் இதன் உச்சம். வானிலைக் கணிப்பில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பிராசசர் கணக்கிடும். ஒவ்வொரு அடியிலும் பக்கத்துக் கட்டத்தின் விடை வந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். ஆகவே கணினிகளுக்கிடையே போகும் செய்தி மைக்ரோ நொடிகளில் போய்ச் சேர வேண்டும். தேர்வு முடிவுத் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவரின் மதிப்பெண்ணைக் காட்ட அடுத்தவரின் மதிப்பெண் தெரிய வேண்டியதில்லை. கிளவுட் வளர்ந்தது இந்த மாதிரி, தனித்தனியாகப் பிரியும் வேலைகளை நம்பித்தான். இப்போது கிளவுட் நிறுவனங்களும் வேகமான உள்நெட்வொர்க் கொண்ட இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. இருந்தாலும், 2022இல் முதன்முதலாக எக்சாஃப்ளாப் எல்லையை, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளை, தாண்டிய ஃபிராண்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் போன்ற ஒன்று வேறு நோக்கத்துக்காகக் கட்டப்பட்டது.

கிரிட் கம்ப்யூட்டிங் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் கிளவுட் மாதிரியே இருக்கும்: எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள், நெட்வொர்க் வழியாக வேலை. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் மோதல்களிலிருந்து வரும் மலையளவு தரவை ஒரே இடத்தில் அலச முடியாது. அதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்களை இணைத்து ஓர் உலகளாவிய கிரிட் இயங்குகிறது. ஆனால் அந்த மையங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வகத்துக்கோ சொந்தம். ஒப்பந்தம் போட்டுத் தங்கள் கணினிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆராய்ச்சியாளர் தன் வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு மணிக் கணக்கில் பில் வராது; கிரெடிட் கார்டை நீட்டி வெளியாள் யாரும் உள்ளே நுழையவும் முடியாது. கிரிட் ஒரு கூட்டுறவு. கிளவுட் ஒரு விற்பனை. இன்னொரு வகை, தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளைச் சேர்ப்பது. வேற்றுக்கிரகச் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி@ஹோம் 1999 முதல் 2020 வரை அப்படித்தான் உலகெங்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது.

எட்ஜ் கம்ப்யூட்டிங், ஒரு வகையில் கிளவுடுக்கு எதிர்த்திசையில் போவது. காரணம் ஒளியின் வேகம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்ப, நடுவில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டால்கூட, 10 மில்லி நொடி ஆகும். எவ்வளவு பணம் போட்டாலும் அதைக் குறைக்க முடியாது. மெயில் படிப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அசெம்பிளி லைனில் ஓடும் ரோபோவின் கையை நிறுத்த வேண்டிய கணத்தில் அது பொருட்படுத்த வேண்டியது. இணைப்பே அறுந்துபோனால் அதைவிட மோசம். அதனால் அந்த முடிவை இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு கணினி எடுக்கும். நாள் முழுக்கச் சேர்ந்த பதிவுகளை அலசும் வேலை மட்டும் கிளவுடுக்குப் போகும். எட்ஜ் வந்து கிளவுடை ஒழித்துவிடும் என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஃபாக் என்பது எட்ஜுக்கும் கிளவுடுக்கும் நடுவில் இருக்கும் அடுக்குக்குச் சிஸ்கோ பிரபலப்படுத்திய பெயர். படங்களையும் வீடியோக்களையும் பயனருக்கு அருகில் நகலெடுத்து வைக்கும் சிடிஎன் இவற்றுக்கெல்லாம் மூத்தது; அக்கமாய் நிறுவனம் 1998இல் தொடங்கியது.

கன்டெய்னர், சர்வர்லெஸ் இரண்டும் கிளவுடுக்குப் போட்டி அல்ல. கன்டெய்னர் என்பது ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டும் முறை. 2013இல் வந்த டாக்கர் அதை எளிதாக்கியது. ஆயிரக்கணக்கான மூட்டைகளை எங்கே ஓட்டுவது என்று பார்த்துக்கொள்ள 2014இல் கூகுள் குபர்னெட்டிஸை வெளியிட்டது. இவை உங்கள் சொந்தக் கணினியிலும் ஓடும். சர்வர்லெஸ்ஸில் சர்வர் இல்லாமல் இல்லை; அது உங்கள் கண்ணில் படாது. 2014 நவம்பரில் அமேசான் அறிவித்த லாம்ப்டாவில் நீங்கள் ஒரு சிறு ஃபங்ஷனை, அதாவது ஒரே வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டை, கொடுத்துவிட்டால், யாராவது அழைக்கும்போது மட்டும் அது ஓடும். அந்த மில்லி நொடிகளுக்கு மட்டும் காசு. யாரும் அழைக்காவிட்டால் பூஜ்யம். வேண்டாத நேரத்தில் விட்டுவிடும் குணம் இதில் அதன் கடைசி எல்லைவரை போயிருக்கிறது.

பேக்கப் வேறு, சிங்க் வேறு

போனில் இருக்கும் படங்களைக் கிளவுடோடு இணைத்து வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சேவைகள் செய்வது சிங்க்: இங்கே உள்ளது அங்கேயும் இருக்கும். அதன் மறுபக்கம், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் போய்விடும். பேக்கப் என்றால், நீங்கள் மூலத்தை அழித்தாலும் பழைய நகல் தனியாக இருக்க வேண்டும். போனில் இடம் காலி செய்வதற்காகப் படங்களை அழிக்குமுன், உங்கள் சேவை இதில் எந்த வகை என்று அமைப்புகளில் பார்த்துவிடுங்கள்.

நிறுவனங்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடம் தீயில் முழுவதும் எரிந்துபோனது. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டுவிட்டார்கள். சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த சிலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரு நகர வட்டாரத்துக்குள்ளேயே தனித்தனி மின்சாரமும் கட்டடமும் கொண்ட மண்டலங்களை வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் இரண்டு மண்டலத்தில் வைக்க வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால்தான் பல சேவைகளில் அது நடக்கும். அதற்குத் தனிக் காசு.

99.9 சதவீதம் இயங்கும் என்று ஒரு சேவை உறுதி தருகிறது என்றால், வருடத்தில் சுமார் 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அது வாக்கு மீறியதாகாது. 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். அதற்கு மேல் நின்றாலும் பெரும்பாலும் கிடைப்பது பில்லில் ஒரு தள்ளுபடி. உங்கள் வியாபார நஷ்டத்தை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள்.

மலிவா, விலை அதிகமா

இரண்டும்தான். நெட்ஃபிளிக்ஸ் 2008இல் தன் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடிக்களை அனுப்ப முடியாமல் தவித்தது. அதன் பிறகு அமேசானின் கிளவுடுக்கு நகரத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தது. அதே 2016 மார்ச்சில் டிராப்பாக்ஸ், தன் பயனர்களின் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் அமேசானிலிருந்து சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. இரண்டும் அதனதன் அளவில் நியாயமான முடிவுகள். வீடியோ பார்க்கும் கூட்டம் ராத்திரி ஏறும், காலையில் இறங்கும். சேமித்து வைத்த கோப்போ அப்படியே கிடக்கும். அளவு மெல்ல மெல்ல ஏறுமே தவிர இறங்காது. திருப்பிக் கொடுக்கப்போவதே இல்லாத ஒன்றுக்கு மணிக் கணக்கில் வாடகை கட்டுவதில் லாபம் குறைவு. ஏறி இறங்கும் வேலைக்குக் கிளவுட் பொருந்தும். ஒரே சீராக, பெரிய அளவில், பல வருடம் ஓடும் வேலைக்குச் சொந்த இயந்திரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்களுக்குப் பில் எகிறுவது பெரும்பாலும் மறதியால்தான். விர்ச்சுவல் மெஷினை நிறுத்தினால் சிபியுவுக்கான மீட்டர் நிற்கும். அதனோடு இணைந்த டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெஷினையே நீக்கினாலும், டிஸ்கையும் சேர்த்து நீக்கும்படி அமைக்காவிட்டால் அது தனியாக மிஞ்சும். ஒதுக்கி வைத்த ஐபி முகவரி, பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) எல்லாம் இப்படியே. முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கை வைத்துவிடுங்கள். ஆனால் அது பொதுவாக மெயில் அனுப்பும், அவ்வளவுதான். தானாக எதையும் நிறுத்திவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, வெளியேறும் செலவு. கிளவுடுக்குள் தரவை ஏற்றுவதற்குப் பொதுவாகக் காசில்லை. வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு ஜிபிக்கும் மீட்டர் ஓடும். சில டெராபைட் சேர்ந்துவிட்டால், இன்னொரு நிறுவனத்துக்கு மாறலாம் என்று நினைக்கும்போதுதான் இது உறைக்கும். கேட்டவுடன் விட்டுவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் ஒரு சேவையில் இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2024இன் தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், 2027 ஜனவரி 12 முதல் கிளவுட் நிறுவனத்தை மாற்றுவதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்கிறது. காசு போக, அந்த நிறுவனத்தில் மட்டுமே இருக்கும் டேட்டாபேஸையோ மெசேஜிங் சேவையையோ நம்பி எழுதிய புரோகிராமை வேறிடத்தில் ஓடவைக்கும் உழைப்பு தனி. அதற்குச் சட்டம் எதுவும் உதவாது. ஆகவே ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஒரு சிறு தரவை ஏற்றி, அதை முழுவதுமாக வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எது எது கூட வரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.